மூன்றாவது சிபாரிசுக் கடிதம்

முப்பது வயதில் எதற்கு வெளிநாட்டுப் படிப்பு என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் பாக்கியில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலாவது பரவாயில்லை. பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். கல்யாணத்தைத் தட்டிக்கழிக்க என்றார் எதிர்வீட்டு அத்தை. போனால் திரும்பவே மாட்டாள், அங்கேயே தங்கிவிடத்தான் இத்தனை பாடு என்றார் சித்தப்பா. என் தம்பி மட்டும், "அக்காவுக்கு இங்க சண்டை போட ஆள் தீர்ந்துபோச்சு, அதான் வெளியூர் ஆளுங்களத் தேடிப் போறா" என்றான். மற்றவர்கள் சொன்னதற்கு அவன் சொன்னது எவ்வளவோ தேவலை.

விண்ணப்பத்தில் "இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று ஒரு பக்கம் உண்டு. அதை நிரப்பித் தருவதற்கென்றே கன்சல்டன்சிக்காரர் ஒருவர் இருந்தார். நான் எழுதிக்கொண்டுபோனதைப் படித்தவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், இது விண்ணப்பமா, போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கிற வாக்குமூலமா? சின்ன வயசுலேர்ந்தே கட்டடங்கள்னா எனக்கு உயிர்னு ஆரம்பிங்க. எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக் குடுக்கிறேன்." எனக்குச் சின்ன வயதில் கட்டடங்கள் என்றால் உயிரெல்லாம் இல்லை. ஐஸ்கிரீம் என்றால்தான் உயிர். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நான் என்ன எழுதினேன் என்பதைச் சொல்வதற்கு முன் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கட்டுமானப் பொருட்களைச் சோதிக்கும் லேபில் ஏழு வருடமாக இருக்கிறேன். ஒரு கட்டடத்துக்கு எப்போது கான்கிரீட் போட்டாலும் அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் கனசதுரக் கட்டிகளாக வார்த்து எங்களுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் எட்டு கிலோ தேறும். இருபத்தெட்டு நாள் அவை எங்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். அப்புறம் நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மெஷினில் வைத்து நசுக்குவேன். எந்த அழுத்தத்தில் கட்டி உடைகிறதோ அதிலிருந்து கணக்குப் போட்டு வரும் எண்தான் அதன் பலம். இருபத்தைந்து வர வேண்டிய இடத்தில் இருபத்தைந்தோ அதற்கு மேலோ வந்தால் பாஸ். குறைந்தால் ஃபெயில். இதனால் சைட்டுகளில் எனக்கு "நசுக்கி" என்று பெயர். "நசுக்கிகிட்ட போயிருக்கு, என்ன ஆகுமோ" என்று போனில் பேசிக்கொள்வார்களாம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

விண்ணப்பத்துக்கு மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். இரண்டு கல்லூரிப் பேராசிரியர்களிடமிருந்து, ஒன்று நம் வேலையைத் தெரிந்த ஒருவரிடமிருந்து. வெளிநாட்டுக்காரர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், பேராசிரியர் மாணவியை நினைத்துப் பார்த்து, உருகி, உட்கார்ந்து எழுதுவார் என்று. நம் ஆட்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்." இதுதான் வழக்கம். நானும் எழுதினேன். என்னை நானே ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்து, இரண்டாவது கடிதத்தில் வேறு ஆள் எழுதியது மாதிரித் தெரிய வேண்டும் என்று வேறு வார்த்தைகளில் புகழ்ந்தேன். முதல் பேராசிரியர் படித்துப் பார்த்து, "'அபார'ங்கிறதை எடுத்துடு" என்றார். இரண்டாமவர் படிக்கவே இல்லை. அது யோக்கியமா என்று என்னைக் கேட்காதீர்கள். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. எல்லோரும் செய்வதைத்தானே செய்கிறோம் என்றிருந்தேன்.

மூன்றாவது கடிதத்துக்கு எங்கள் மேலாளரிடம் போனேன். லேப் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரும் அதையேதான் சொன்னார். "நீயே அடிச்சிட்டு வாம்மா." வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை அடித்து எடுத்துக்கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து என் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்த பார்க்கிங் கட்டடத்து ரிப்போர்ட். இதுல நீ கையெழுத்துப் போடு, அதுல நான் போடறேன்."

அது நாலு மாடி கார் நிறுத்தும் கட்டடம். மூன்று கட்டிகளை முந்தின நாள் நான்தான் நசுக்கினேன். சராசரி பதினெட்டு. ரிப்போர்ட்டில் இருபத்தேழு என்று அடித்திருந்தது.

"சார், பதினெட்டு சார்."

"எனக்குத் தெரியாதா? அந்த சைட்காரனுக்கு மூணு நல்ல கட்டி தனியா செஞ்சு அனுப்பக்கூடத் துப்பில்ல. அதுக்கு நாம என்ன பண்றது?" என்று அலுத்துக்கொண்டார். ஏமாற்றுவதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம். "கார்தானேம்மா நிக்கப்போகுது, மனுஷங்களா?"

"காரை யாரு சார் ஓட்டிட்டு வருவா? அதுவா வந்து நின்னுக்குமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. யோசி" என்று இரண்டு காகிதங்களையும் சேர்த்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று அங்கேயே, அந்த நிமிஷமே சொன்னேன். காதில் விழாதவர் மாதிரி போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினேன். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தவள். எதைப் பேசினாலும் கை எதையாவது மடித்துக்கொண்டிருக்கும். "அந்த ஆளோட மெயிலைத் தினமும் நீதானே பார்க்கிறே? பாஸ்வேர்டு உங்கிட்டதானே இருக்கு? கடுதாசி கேட்டு அவருக்கு மெயில் வரும், நீயே போட்டு அனுப்பிட்டுப் போயேன்" என்றாள். இதையேதான் கன்சல்டன்சிக்காரரும் மத்தியானம் போனில் சொல்லியிருந்தார். பாதிப் பேர் அப்படித்தானாம்.

"பொய் ரிப்போர்ட் போட மாட்டேன்னு அவர்கிட்ட வீராப்புப் பேசிட்டு வந்துட்டு, அவர் பேர்ல பொய்க் கடுதாசி போடட்டுமா?"

"பெரிய அரிச்சந்திரி! ஏன், இதுக்கு முன்னாடி நீ போட்டதே இல்லையா?"

அம்மா விளையாட்டுக்குத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பொய் ரிப்போர்ட் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை. அதைத்தான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் கன்சல்டன்சிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குக்கூட அதுவரை தெரியாது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். நீண்ட விடுமுறை ஒன்று வந்தது. லேபைப் பூட்டிவிட்டுப் போய் ஒன்பது நாள் கழித்துத் திறந்தால், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடைப்பான் கசிந்திருக்கிறது. கட்டிகளெல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. தண்ணீர் இல்லாமல் காய்ந்த கட்டிக்குப் பலம் ஏறாது. அந்தத் தொட்டியில் ஓர் ஆறு மாடிக் குடியிருப்பின் கட்டிகளும் இருந்தன. நசுக்கினேன். பதினெட்டு வந்தது. லேப் சார் பக்கத்தில் வந்து நின்று, "தொட்டி காஞ்சது நம்ம தப்பு. அதுக்கு அந்த மேஸ்திரிக்கு எதுக்கு ஃபெயில் போடணும்? நல்லாக் கட்டற மனுஷன். இருபத்தாறுன்னு போடு" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. போட்டேன்.

அதில் என்ன தப்பு என்பது உறைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கட்டி காய்ந்ததால் பதினெட்டா, கலவையே மோசமாக இருந்ததால் பதினெட்டா? இனி யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கட்டிகள் கெட்டுவிட்டன, கட்டடத்திலேயே சோதித்துப் பாருங்கள் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்தக் குடியிருப்பைத் தாண்டித்தான் என் பஸ் போகும். ஏழு வருடமாக, போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கிறேன். நிற்கிறது. மொட்டை மாடியில் துணி காய்கிறது. பலமாக இருப்பதால் நிற்கிறதா, இன்னும் சோதனை வராததால் நிற்கிறதா என்று தெரியவில்லை. நாங்கள் நசுக்குவது கட்டியைத்தான், கட்டடத்தை இல்லை. நிற்கிற கட்டடத்தை உடைக்காமல் அதன் உள்ளே இருக்கும் பலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் நான் படிக்கப்போகும் படிப்பு. அதை ஆழமாகச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆளில்லை, அங்கே இருக்கிறார்கள். இவ்வளவுதான் காரணம். எதிர்வீட்டு அத்தைக்கு இதைச் சொன்னால் புரியாது என்பதில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை முதல் தடவையாக மடிப்பதை நிறுத்தியது. "அந்த மேஸ்திரிக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன்.

புதன்கிழமை காலை லேபுக்குப் போகவில்லை. நேராகப் பெரிய மேஸ்திரியின் சைட்டுக்குப் போனேன். கொத்தனாராக ஆரம்பித்துப் பெரிய கான்ட்ராக்டர் ஆன மனிதர். இத்தனை கட்டடம் கட்டியும் மேஸ்திரி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அந்த ஆறு மாடி அவர் கட்டியதுதான். அதற்குப் பிறகு அவருடைய கட்டிகளை நான் நாலு தடவை ஃபெயில் போட்டிருக்கிறேன். என் பெயரைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று ஊருக்கே தெரியும். அவரிடம்தான் கடிதம் கேட்கப் போனேன். என் வேலையால் அதிகமாக அடிவாங்கினவரைவிட என் வேலையைத் தெரிந்தவர் யார்?

தகரக் கொட்டகையில் வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாம்மா நசுக்கி! இப்ப எதைக் கெடுக்க வந்திருக்கே?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். முதலில் விழித்தார். அப்புறம் கொட்டகை அதிரச் சிரித்தார். "நான் உனக்கு நல்ல பேர் எழுதிக் குடுக்கணுமா? உனக்குக் கூச்சமே கிடையாதா?"

"நல்ல பேர் வேண்டாம் மேஸ்திரி. என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியுமோ அதை எழுதுங்க. திட்டணும்னா திட்டி எழுதுங்க."

"சரி, சொல்றேன், எழுதிக்கோ."

"நான் எழுத மாட்டேன். இதுவரைக்கும் எல்லாக் கடுதாசியும் நானே எழுதிட்டேன். இதையாவது நீங்க எழுதுங்க."

அவருக்கு அது பிடித்திருந்தது. வேண்டாவெறுப்பு மாதிரி காட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"இந்தப் பெண்ணை ஏழு வருடமாகத் தெரியும். திமிர் பிடித்தவள். பெரியவர் சின்னவர் பார்க்க மாட்டாள். என் கட்டிகளை நாலு தடவை ஃபெயில் போட்டிருக்கிறாள். ஒரு தடவை இவளால் பதினொரு தூணை உடைத்துத் திரும்பக் கட்டினேன். அன்றைக்கு இவளையும் இவள் பரம்பரையையும் நான் திட்டாத திட்டு இல்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. இவள் சொன்னது சரிதான். இவளை வைத்து வேலை வாங்குகிறவனுக்கு நிம்மதி இருக்காது. ஆனால் இவள் பாஸ் போட்ட கட்டடத்தில் குடியிருக்கிறவன் நிம்மதியாகத் தூங்கலாம்."

கடைசி வரியைச் சொல்லிவிட்டு, தன் எழுத்தைத் தானே மெச்சிக்கொள்வது போலத் தாளைத் தூக்கிப் பார்த்தார். "போதுமா?" என்று கேட்டு, கையெழுத்துப் போடக் குனிந்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் ஐந்து வினாடியில் கடிதம் என் கையில். என் ஏழு வருடக் கனவும் அதோடு சேர்ந்து என் கையில். சத்தியமாகச் சொல்கிறேன், வாயை மூடிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது.

"மேஸ்திரி, கையெழுத்துப் போடாதீங்க. அந்தக் கடைசி வரி பொய்."

சொன்னேன். தொட்டி, விடுமுறை, பதினெட்டு, இருபத்தாறு, எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கட்டடம் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடிக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"அதுல மூணாவது மாடியில யாரு இருக்கா தெரியுமா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "என் பொண்ணு. நான் கட்டினதிலேயே நல்லா வந்த கட்டடம்னு அவளுக்கு அங்க வீடு ஒதுக்கினேன். அவ குழந்தைக்கு நாலு வயசு."

எனக்கு அது தெரியாது. மொட்டை மாடியில் துணி காய்வதை ஏழு வருடம் பார்த்திருக்கிறேன், யார் துணி என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. பக்கத்திலிருந்த சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

"அழாதே! அழுது எம் முன்னாடி நல்லவளாகாதே!" என்று கத்தினார். வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "நிக்குமா நிக்காதா? அதைச் சொல்லு!"

"தெரியாது மேஸ்திரி. உங்க கலவை நல்லாத்தான் இருந்திருக்கும்னு மனசு சொல்லுது. மனசு சொல்றதெல்லாம் ரிப்போர்ட் இல்ல. கீழ்த்தளத்துத் தூண்ல கம்பி இல்லாத இடமாப் பார்த்துத் துளை போட்டு, உள்ளேருந்து கான்கிரீட்டை எடுத்து நசுக்கிப் பார்க்கணும். எங்க லேப்ல வேண்டாம், வேற லேப்ல குடுங்க. வெள்ளிக்கிழமை எடுத்தா திங்கக்கிழமை தெரிஞ்சிடும்."

"திங்கக்கிழமை வரைக்கும்?"

அவர் எழுந்து கொட்டகைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தார். அப்புறம் உட்கார்ந்தார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கடைசி வரியை அழுத்தி அடித்தார். அதன் கீழே எழுதினார். இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் திருப்பினார்.

"என் கட்டடம் ஒன்றுக்கு இவள் பொய் எழுதினாள். யாரும் கேட்காமல் இன்றைக்கு அவளே வந்து சொன்னாள். அதன் பலம் தெரியும்வரை அந்தக் கட்டடத்தில் இவளையே குடிவைத்திருக்கிறேன்."

"என் பொண்ணும் பேரனும் இன்னைக்கே என் வீட்டுக்கு வந்துடுவாங்க. திங்கக்கிழமை வரைக்கும் அந்த வீட்ல நீ இருக்கணும். அங்கதான் சமைக்கணும், அங்கதான் படுக்கணும். சம்மதமா?" என்றார்.

"சாவியக் குடுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், எல்லா வீட்டுக்காரர்களையும் கூட்டி வைத்து மேஸ்திரியே விஷயத்தைச் சொன்னார். மிச்சத்தை நீ சொல்லு என்று என்னை முன்னால் தள்ளினார். சொன்னேன். நாலு வீட்டுக்காரர்கள் அப்போதே பெட்டி கட்டினார்கள். ஒருவர் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். இன்னொருவர், "ஏழு வருஷமா நின்னுக்கிட்டுத்தானே இருக்கு, உனக்கு என்னம்மா இப்ப?" என்று எரிந்து விழுந்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றேன். தலையைக் குனியவில்லை. குனிந்திருக்க வேண்டிய நாள் ஏழு வருடத்துக்கு முன்பே போய்விட்டது.

வீட்டுக்குப் போய் இரண்டு செட் துணியை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் பையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"நீ எங்க வர்றே?"

"நீ மட்டும் போய்ப் படுத்துக்குவே, நான் இங்க ஃபேனைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணுமா? நட" என்றாள். எவ்வளவு சண்டை போட்டும் கேட்கவில்லை. என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இனி நான் யோசிக்க வேண்டியதில்லை.

மேஸ்திரியின் மகள் வங்கியில் வேலை செய்கிறவள். வாசலில் சாவியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றி அவள்தான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். மேஸ்திரிக்கு மெயிலும் கிடையாது, இங்கிலீஷும் கிடையாது என்பதால் விண்ணப்பத்தில் லேப் சார் மெயிலோடு அவள் மெயிலையும் கொடுத்திருந்தேன். "அனுப்பறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல" என்றாள். "என் குழந்தை இந்த வீட்லதான் நடக்கப் பழகினான். உங்களுக்குப் புரியுதா?" புரிகிறது என்றேன். அனுப்புங்கள் என்று கெஞ்சவில்லை. கெஞ்ச எனக்கு உரிமையும் இல்லை.

இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தோம். மேல்வீட்டில் துணி துவைக்கும் மெஷின் சுற்றினால் எங்கள் தரை லேசாக அதிரும். எந்த வீட்டிலும் அதிரும்தான், எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் எண்ணாக மட்டும் தெரிந்த பதினெட்டு, காலுக்கடியில் எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சுவர் மூலையில் குழந்தையின் உயரத்தைப் பென்சிலால் கோடு கோடாகக் குறித்து வைத்திருந்தார்கள். அம்மா அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த இரண்டாவது பேராசிரியருக்கும் போன் செய்தேன். "சார், அந்தக் கடுதாசியைத் தயவுபண்ணி ஒரு தடவை படிங்க. பிடிக்கலேன்னா திரும்ப வாங்கிக்கங்க" என்றேன். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "ரொம்பத்தான் புகழ்ந்துக்கிட்டிருக்கே. ரெண்டு வரியைக் குறைச்சு மாத்தி அனுப்பியிருக்கேன்" என்றார். ஏழு வருடத்தில் அவர் என்னைப் பற்றி யோசித்தது அந்த அரை மணி நேரமாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் நாலரை மணி. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கடிதங்கள் மூன்றில் இரண்டு வந்துவிட்டன, ஒன்று வரவில்லை என்று விண்ணப்பப் பக்கம் காட்டியது. கீழே தூணில் துளை போடும் ஆட்கள் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. லேப் சார்.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே? மேஸ்திரி தூண்ல துளை போடறாராமே! சரி விடு, ஆனது ஆச்சு. உன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். பார்க்கிங் ரிப்போர்ட்கூட நீ போட வேண்டாம், வேற ஆளை வச்சுப் பார்த்துக்கறேன். நீ போய், தொட்டி விஷயம் எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, குழம்பிச் சொல்லிட்டேன்னு மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அஞ்சு நிமிஷத்துல லெட்டரை அனுப்பிடறேன். உனக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். பக்கத்தின் ஓரத்தில் நிமிஷம் குறைந்துகொண்டே வந்தது. அம்மா அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் எங்க இருக்கேன் தெரியுமா?"

"எங்க?"

"அந்தக் கட்டடத்துலதான். மூணாவது மாடி. நானும் எங்கம்மாவும் இங்கதான் குடியிருக்கோம். நீங்க இருபத்தாறுன்னு போடச் சொன்னீங்க, நான் போட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாஸ் பண்ணின வீடு சார் இது. லெட்டரை எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க. லிஃப்ட் வேலை செய்யுது. அம்மா டீ போடறாங்க. உட்கார்ந்து குடிச்சிட்டு, இங்க ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சிட்டுச் சொல்லுங்க, எனக்கு ஞாபகம் இல்லைன்னு நான் மேஸ்திரிகிட்ட சொல்லிடறேன்."

"வர்றீங்களா சார்? பார்க்கிங் கட்டடத்துப் பதினெட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன். போனை வைத்துவிட்டார்.

பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது கடிதம் வராமலே ஐந்து மணி ஆகிவிடலாம். ஆகட்டும், அடுத்த வருடம் போடுகிறேன், அதற்கடுத்த வருடம் போடுகிறேன். நாற்பது வயதில் எதற்குப் படிப்பு என்று இதே தெரு கேட்கட்டும்.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பக்கம் தானாக மாறியது. மூன்றில் மூன்று. அதே நேரம் மேஸ்திரியின் மகளிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது.

"அனுப்பிட்டேன். மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க. நீங்க போய்ப் படிக்கலேன்னா அடுத்த கட்டடத்தை யாரு பார்ப்பாங்கன்னு தோணிச்சு. அப்பா உங்களைத் திட்டினதை எல்லாம் ஒரு வரி விடாம போட்டிருக்கேன்."

படித்துக் காட்டினேன். அம்மா மூக்கை உறிஞ்சினாள். நான் விண்ணப்பத்தை அனுப்பும் பட்டனை அழுத்தினேன். கீழே துளை போடும் சத்தம் ஆரம்பித்தது. தரை, சுவர், ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தன. அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.